மருந்தடித்த காயும் பிள்ளைகள் தட்டும்: சந்தையிலிருந்து அடுப்பு வரை என்ன செய்யலாம்?

காயில் பூச்சிமருந்து இருக்கிறது என்று பயந்து, பிள்ளைகளுக்குக் காயே கொடுக்காமல் பிஸ்கட்டும் நூடுல்ஸும் வாங்கித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். காய் தட்டில் இருந்தே ஆகவேண்டும். ஒட்டியிருக்கும் மருந்தைக் குறைப்பதுதான் நம் வேலை. குழந்தை தன் எடைக்குப் பெரியவர்களைவிட அதிகம் சாப்பிடுகிறது. மூளையும் நரம்பும் வளர்கிற வயது வேறு.

1. வாங்கும்போது

உழவர் சந்தையில் விலையோடு இன்னொன்றும் கேளுங்கள்: "கடைசியா எப்ப மருந்து அடிச்சீங்க?" அடித்தபின் இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்கவேண்டும் என்று ஒவ்வொரு மருந்துக்கும் கணக்கு உண்டு.

கத்தரியில் புழு காய்க்குள் குடைந்து போய்விடும். மேலே அடிக்கும் மருந்து அதற்கு எட்டாது, அதனால் திரும்பத் திரும்ப அடிக்கிறார்கள். ஒரு சொத்தைகூட இல்லாமல் பளபளவென்று நாம் பொறுக்குவதும் இதற்கு ஒரு காரணம். ஓட்டை விழுந்த காயையும் வாங்குங்கள், சொத்தையை அரிந்து எறிந்தால் போயிற்று.

வெண்டை, காலிபிளவர், பச்சை மிளகாய், திராட்சை, கறிவேப்பிலை எல்லாம் கவனம் தேவைப்படுபவை. நடுவில் வாழைப்பூ, வாழைத்தண்டு, பறங்கி, சேனை என்று தோலோ மடலோ உரித்துச் சமைப்பவற்றைப் போடுங்கள். நம் தஞ்சைப் பகுதியில், திருவையாறு, திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் வாழைக்குப் பஞ்சமா என்ன? ஒரே காயைத் தினமும் கொடுக்காமல் மாற்றிக்கொண்டே இருந்தால், ஒரே மருந்து தொடர்ந்து உள்ளே போவதும் குறையும்.

2. கழுவும்போது

நறுக்கும் முன்பே கழுவவேண்டும். நறுக்கிவிட்டுக் கழுவினால் சத்துதான் கரைந்து போகும். முதலில் ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். அப்புறம் 1 லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் உப்புப் போட்டு 10 நிமிடம் ஊறவிட்டு, மறுபடி இரண்டு தடவை நல்ல தண்ணீரில் அலசுங்கள். கத்தரிக்காயில் காம்பை ஒட்டிய பச்சை மடிப்பைக் கிள்ளி எடுத்துவிட்டுக் கழுவுங்கள், தெளித்த மருந்து தங்கும் இடம் அது. கறிவேப்பிலை, கொத்தமல்லியைப் புளித்தண்ணீரில் 15 நிமிடம் போடலாம்.

2017-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆப்பிளை வைத்துச் சோதித்தார்கள். சமையல் சோடா கரைத்த தண்ணீரில் 12 முதல் 15 நிமிடம் ஊறியதும் தோலின் மேலிருந்த இரண்டு மருந்துகள் நீங்கிவிட்டன. உள்ளே ஊறியது போகவில்லை. கழுவினால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதனால்தான் வாங்குவதை முதலில் சொன்னேன்.

3. வரப்புக் கீரை

நம் ஊரில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆரைக்கீரை, பொன்னாங்கண்ணி, வல்லாரை எல்லாம் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் சும்மா கிடைக்கிற அருமையான கீரைகள். ஆனால் குறுவையோ சம்பாவோ நட்ட கையோடு பல வயல்களில் களைக்கொல்லி போடுகிறார்கள். வயல்காரரைக் கேட்காமல் பறிக்காதீர்கள். வயல் நண்டு, நத்தை, வாய்க்கால் மீனுக்கும் இதேதான். செத்து மிதக்கும் மீனைத் தொடவே வேண்டாம். காலி மருந்து டப்பாவை எத்தனை முறை கழுவினாலும் தண்ணீருக்கோ எண்ணெய்க்கோ வைக்கக்கூடாது.

4. வீட்டில்

கொல்லையில் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலைச் செடி போதும். மாடி வீடென்றால் பழைய அரிசிச் சாக்கில் மண்ணும் மக்கிய சாணமும் கலந்து சிறுகீரை விதையைத் தூவுங்கள். ஒரு மாதத்துக்குள் பறித்துவிடலாம். பூச்சி வந்தால் 1 லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலம் தெளியுங்கள்.

கீரையைத் தள்ளிவைக்கிற பிள்ளைக்குப் பாசிப்பருப்போடு கடைந்து, ஒரு சொட்டு நெய் விட்டுச் சோற்றில் பிசைந்து கொடுங்கள். இறக்கிய பிறகு கொஞ்சம் எலுமிச்சம்பழம் பிழிந்தால் கீரையில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும்.