அம்மாவைக் கூப்பிட முதல், இடையிலை இறங்கிற ஊரைப் பாருங்கோ

140 டொலர் மிச்சம் பிடிக்கப்போய் அம்மாவைக் கட்டுநாயக்கா எயார்போட்டிலை அழவைச்சவன் நான். கொழும்பு–பாரிஸ் ஒரு ரிக்கற், பாரிஸ்–ரொறன்ரோ வேறொரு ரிக்கற். கனடா விசாதான் கையிலை இருக்கே எண்டு நினைச்சன். கவுண்டரிலை கேட்டது ஒண்டே ஒண்டு: "பாரிஸிலை சூட்கேஸை ஆர் எடுக்கிறது?"

அதை எடுக்க வெளியிலை வரவேணும். வெளியிலை வர இமிகிரேசனைத் தாண்டவேணும். அதுக்கு ஷெங்கன் விசா வேணும், அதாவது பிரான்ஸ், ஜேர்மனி மாதிரி தங்களுக்குள்ளை எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா. அழுதாலும் ஏத்தமாட்டினம். விசா இல்லாத ஆளைக் கொண்டுபோனால் விமானக் கம்பனிக்குத்தான் தண்டம்.

அதாலை முதல் வேலை, முழுப் பயணத்தையும் ஒரே ரிக்கற்றா எடுங்கோ. சூட்கேஸ் கடைசி ஊர்வரைக்கும் நேரே போகுமோ எண்டு கேட்டு உறுதிப்படுத்துங்கோ.

அப்பிடி எடுத்தாலும் இலங்கைப் பாஸ்போட்டுக்கு ஒரு வில்லங்கம் இருக்கு. ஷெங்கன் நாடுகளிலை எயார்போட்டுக்குள்ளையே இருந்து பிளேன் மாறவும் ரான்சிற் விசா கேட்கிற 12 நாட்டுப் பட்டியலிலை நாங்களும் இருக்கிறம். 'ஏ' வகை விசா, 90 யூரோ. செல்லுபடியான கனடா, அமெரிக்கா, ஜப்பான் விசா இருந்தால் அது தேவையில்லை. அந்த விசாவிலை போய்வந்து திரும்பேக்கையும் அப்பிடித்தான்.

ஆனால் ரெண்டு ஷெங்கன் ஊரிலை இறங்கி ஏறுறமாதிரி எடுத்துப்போடாதேங்கோ. பாரிஸிலை இருந்து பிராங்போட் போறது அவைக்கு உள்ளூர்ப் பயணம்மாதிரி. முதல் ஊரிலையே இமிகிரேசன் வந்திடும், 'ஏ' விசா வைச்சிருந்தாலும் சரிவராது.

லண்டனுக்கு வேறை சட்டம். அங்கை கனடா, அமெரிக்கா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து விசா கைகொடுக்கும், ஜப்பான் விசா எடுபடாது. அமெரிக்காவிலை உள்ளுக்கை இருந்து மாறுற கதையே இல்லை. நியூயோர்க்கிலை ரெண்டு மணித்தியாலம் நிண்டாலும் இமிகிரேசன்தான். அமெரிக்க விசா இல்லாட்டில் 'சி-1' எண்ட அவையின்ரை ரான்சிற் விசா எடுக்கவேணும். வயசான ஆக்களுக்கு அந்தப் பக்கம் வேண்டவே வேண்டாம் எண்டுதான் நான் சொல்லுவன்.

காசு கட்டமுதல், இறங்கிற நாட்டின்ரை இமிகிரேசன் இணையத்தளத்திலை உங்கடை பாஸ்போட் நாட்டைப் போட்டுப் பாருங்கோ. சட்டம் மாறிக்கொண்டிருக்கும். போனமுறை போன மச்சான் சொன்னதை நம்பாதேங்கோ.

அம்மா பிறகு துபாய் வழியா, ஒரே ரிக்கற்றிலை வந்தா. வெளியிலை போகாட்டில் அங்கை விசா கேட்கிறேல்லை. பழைய ரெண்டு ரிக்கற் காசும் வீணாப் போச்சுது. சூட்கேஸிலை இருந்த பனாட்டு மட்டும் பழுதாகாமல் வந்துசேர்ந்தது.