மிச்சமானதைச் சுட வைக்கப் பழகலாம்

சுட வைக்கிற வேலை அடுப்பில் ஆரம்பிப்பதில்லை. மத்தியானம் சமைத்ததை எப்போது எடுத்து வைத்தீர்கள் என்பதிலேயே பாதி முடிந்துவிடுகிறது.

முதலில் ஆற வைப்பது. 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரைக்கும் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். சமைத்ததை 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்வார்கள். தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கத்துச் சித்திரை வெயிலுக்கு 1 மணி நேரம்தான் கணக்கு. சோற்றைப் பானையோடு விடாமல் தாம்பாளத்தில் பரப்பினால் சீக்கிரம் ஆறும். பேசில்லஸ் சீரியஸ் என்கிற பாக்டீரியாவின் வித்துகள் உலைக் கொதியிலும் சாவதில்லை. வெளியே கிடந்த சோற்றில் அது பெருகி நஞ்சைக் கக்கிவிட்டால், அப்புறம் எவ்வளவு சுட வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. (தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைக்கிற பழையது வேறு கதை. அதை யாரும் சுட வைப்பதில்லை.)

அடுத்து, இந்த வேளைக்கு வேண்டியதை மட்டும் தனிக் கிண்ணத்தில் எடுங்கள். சட்டியோடு அடுப்பேற்றி, மறுபடி ஃப்ரிட்ஜில் வைத்து, ராத்திரி மறுபடி ஏற்றுவது வேண்டாம். ஒருமுறை சுட வைத்தால் அதோடு சரி. நம் ஊர் வத்தக்குழம்பு புளியும் எண்ணெயுமாகச் சுண்டச் சுண்டத் தாக்குப்பிடிக்கும். அந்தத் தைரியத்தைத் தேங்காய் அரைத்த கூட்டிடம் காட்டாதீர்கள்.

இனி அடுப்பு. குழம்பு, சாம்பாருக்கு ஓரத்தில் குமிழி விட்டால் போதாது; அடிவரை கிளறி, நடுவிலும் தளதளவென்று கொதிக்க வேண்டும். ரசம் வைக்கும்போது நுரை கட்டியதும் இறக்குவோம், சரிதான். மறுநாளும் அதே போல இறக்கக் கூடாது. வாசனை கொஞ்சம் போனாலும் கொதிக்கட்டும். சோறு, இட்லி, இடியாப்பத்துக்கு இட்லிப் பானை ஆவியே நல்லது. எண்ணெய் தேவையில்லை, காய்ந்தும் போகாது. வறுவலைத் தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல் புரட்டுங்கள்.

மைக்ரோவேவ் என்றால் கண்ணாடி அல்லது பீங்கான் கிண்ணம்; ஓட்டல் பார்சல் டப்பா வேண்டாம். சூடு திட்டுத்திட்டாக ஏறும் என்பதால் நடுவில் ஒருமுறை கிளறி, எடுத்தபின் 2 நிமிடம் விட்டுச் சாப்பிடுங்கள்.

பாத்திரத்துக்கு எவர்சில்வர் போதும். கலாய் (உள்ளே பூசிய வெள்ளீயம்) போன பித்தளையில் புளிக்குழம்பை வைத்தால் களிம்பேறும். வெள்ளீயத்தில் செய்த ஈயச்சொம்பில் ரசம் இருக்கும்வரை பயமில்லை, காலியாக அடுப்பில் விட்டால் 232 டிகிரியிலேயே உருகிவிடும். கும்பகோணத்தில் ஆசையாக வாங்கிய என் முதல் சொம்பு, நான் போன் பேசி முடிப்பதற்குள் பர்னரில் வழிந்திருந்தது.