சிவப்பு விளக்கில் மட்டும் வந்த சத்தம்

என் பழைய வேன் சிக்னலில் நின்றாலே, தகர டப்பாவில் ஆணி உருட்டுவதுபோல் கடகடக்கும். ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தால் சத்தம் போய்விடும். பட்டறைக்காரர் கேட்ட மாத்திரத்தில் டைமிங் செயின், அதாவது எஞ்சினுக்குள் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் சங்கிலி, தளர்ந்துவிட்டது என்றார்; மாற்ற 1,400 சிங்கப்பூர் வெள்ளியாம். எனக்கு மனசு ஒப்பவில்லை. செயின் தளர்ந்தால் பெரும்பாலும் காலையில் ஸ்டார்ட் செய்ததும்தானே அதிகம் கேட்கும்?

மறுநாள் காலை, எஞ்சின் நன்றாக ஆறியிருந்தபோது, சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் புளோக்குக்குக் கீழே குனிந்து புகைக்குழாயைக் கையால் தட்டினேன். அதே கடகட! குழாயை மூடியிருக்கும் வெப்பத்தடுப்புத் தகட்டில் போல்ட் இருந்த இடம் துருப்பிடித்து ஓட்டை பெரிதாகியிருந்தது. இந்த ஊர் மழைக்கு வேறென்ன ஆகும்? தகட்டையும் குழாயையும் சேர்த்து, துருப்பிடிக்காத எஃகு ஹோஸ் கிளிப் (திருகி இறுக்கும் வளையம்) ஒன்றால் இறுக்கினேன். 4 வெள்ளி. இப்போது சிக்னலில் வைப்பர் கீச்சிடுவதுதான் கேட்கிறது.