‘ரன்’ வைத்துப் பேசும் இங்கிலீஷ்: ஒசூர் கம்பெனி வேலைக்குப் போகிறவர்களுக்கு

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஐடிஐ, டிப்ளமோ முடித்து ஒசூர் சிப்காட்டுக்குப் போகிறவர்கள் பெரிய பெரிய டெக்னிக்கல் வார்த்தைகளில் தடுமாறுவதில்லை. ‘மெஷின் ரன் ஆகுது’, ‘டிரையல் ரன் எடுக்கணும்’ என்று நாள் முழுக்கச் சொல்வோம். அதே ‘ரன்’னை வைத்து மேனேஜர் ‘ரன் இட் பை மீ’ என்றால் முழிப்போம். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியில் இந்த ஒரு வினைக்கே 600-க்கு மேல் பொருள் உண்டு. வேலைக்கு ஏழெட்டு தெரிந்தால் போதும்.

படி 1: ‘ரன்’னை விடுங்க, அதை ஒட்டி வரும் குட்டிச் சொல்லைப் பாருங்க. அவுட், இன்டு, ஓவர், பை, த்ரூ. ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு பக்கம். அர்த்தத்தை மட்டும் எழுதினால் பேசும்போது கைகொடுக்காது. உங்க லைனில் நடக்கிற விஷயத்தை முழு வாக்கியமாக எழுதுங்க.

படி 2: ரன் அவுட். பெரும்பாலானவர்கள் சறுக்கும் இடம் இதுதான். கூலன்ட் தீர்ந்துவிட்டது. கூலன்ட்டில் ஆரம்பித்தால், ‘த கூலன்ட் ஹேஸ் ரன் அவுட்’. நம்மில் ஆரம்பித்தால், ‘வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் கூலன்ட்’.

அந்த ‘ஆஃப்’ ஏன் விட்டுப்போகிறது? ‘எங்களுக்கு கூலன்ட் தீர்ந்துபோச்சு’ என்பதில் எழுவாய் கூலன்ட்தான். இங்கிலீஷில் ‘வீ’ எழுவாயாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதனால் கூலன்ட்டைப் பிடித்துக் கட்ட ‘ஆஃப்’ வேண்டும். இல்லாமல் ‘வீ ரன் அவுட் கூலன்ட்’ என்றால் வாக்கியமே ஆகாது.

‘கூலன்ட் இஸ் ரன் அவுட்’ என்பது இன்னொரு தவறு. கிரிக்கெட்டில் பேட்ஸ்மேனை எதிரணி அவுட் ஆக்குகிறது, அதனால் அங்கே ‘இஸ்’ சரி. கூலன்ட் தானாகத் தீர்கிறது, அதற்கு ‘ஹேஸ்’. அந்த ‘ஹேஸ்’, ‘ஹேவ்’ பின்னால் ‘ரன்’தான் வரும், ‘ரேன்’ வராது.

முழுக்கத் தீராமல் குறைந்துகொண்டே வந்தால் ‘ரன் ஷார்ட் ஆஃப்’. கிருஷ்ணகிரி மாங்கூழ் ஃபேக்டரியில் சீசன் நேரத்தில் ‘வீ ஆர் ரன்னிங் ஷார்ட் ஆஃப் டிரம்ஸ்’ என்றால், டிரம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, உடனே ஆர்டர் போடுங்க என்று அர்த்தம்.

படி 3: ‘இட்’ எங்கே உட்காரும்? ஃபோர்க்லிஃப்ட் கேபிள் மேல் ஏறிவிட்டது: ‘இட் ரேன் ஓவர் த கேபிள்’, ‘இட் ரேன் த கேபிள் ஓவர்’, இரண்டும் சரி. கேபிளுக்குப் பதில் ‘இட்’ போட்டால் நடுவில் வைப்பதே வழக்கம்: ‘ரேன் இட் ஓவர்’. ‘ரன் த்ரூ’ அப்படிப் பிரியாது. செக்லிஸ்ட்டை ஒருமுறை பார்த்துவிடலாம் என்பதற்கு ‘லெட்ஸ் ரன் த்ரூ இட்’. ‘ரன் இட் பை மீ’ என்றால் முடிவெடுக்கும் முன் என்னிடம் ஒரு வார்த்தை கேளுங்க என்று பொருள். இதில் ‘இட்’ எப்போதும் நடுவில்தான்.

இதற்கு மொழிபெயர்ப்பு ஆப் வேண்டாம், தனியாகத் தட்டினால் ‘ஓடு’ என்றுதான் காட்டும். ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ், லாங்மேன் அகராதிகள் இணையத்தில் இலவசம். பிரிக்கக்கூடிய வினைகளுக்கு நடுவில் இரண்டு முனையும் கூரான அம்புக்குறி போட்டிருப்பார்கள். லாங்மேனில் உதாரண வாக்கியங்கள் அதிகம், என் தேர்வு அதுதான்.

படி 4: ரன் இன்டு. இங்கே யார், எதன்மேல் என்று பாருங்க. ‘த லாரி ரேன் இன்டு த டிவைடர் அட் தொப்பூர்’ என்றால் மோதல். ‘ஐ ரேன் இன்டு மை சார் அட் ஒசூர் பஸ் ஸ்டாண்ட்’ என்றால் எதேச்சையான சந்திப்பு. ‘வீ ரேன் இன்டு எ பிராப்ளம்’, எதிர்பாராத சிக்கல். ஏற்கெனவே பேசிவைத்துச் சந்தித்தால் இது பொருந்தாது.

படி 5: ‘ஐ ஆம் ரன்னிங் லேட்’, ‘ஐ ஆம் ரன்னிங் எ டெம்பரேச்சர்’. பஸ் லேட்டுக்கும் காய்ச்சல் லீவுக்கும் அப்படியே சொல்லலாம்.

பின்சேர்க்கை: ‘ரன் மீ த்ரூ இட்’ என்கிறார்களே, படி 3-க்கு முரணாக இல்லையா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இல்லை. நடுவில் வருவது ஆள், விஷயம் ‘த்ரூ’வுக்குப் பின்னால்தான் நிற்கிறது. ‘எனக்கு ஒவ்வொன்றாக விளக்குங்க’ என்று அர்த்தம்.

‘ரன்னிங் ஹிஸ் மவுத்’ பற்றியும் கேட்டிருந்தீர்கள். கண்டபடி வாயை விடுகிறான் என்று பொருள். கேட்டால் புரிந்துகொள்ளுங்க, ஷிஃப்டில் யாரைப் பற்றியும் சொல்லாதீங்க. அலைக்கழிக்கிறார்கள் என்பதற்கு ‘தே ஆர் கிவிங் மீ த ரன்அரவுண்ட்’. நண்பர்களிடம் பேச சரி, வெண்டருக்குப் போகும் மெயிலில் வேண்டாம்.