பாலஸ்தீனப் பகுதிகள் பற்றிய செய்திப் பிழைகளைச் சுட்டிக்காட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2000ஆம் ஆண்டு செப்டம்பர் 30 அன்று நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் ஒரு புகைப்படம் வெளியானது. முகமெல்லாம் இரத்தம் வழிய ஓர் இளைஞர் குனிந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் கையில் தடியுடன் ஓர் இஸ்ரேலியக் காவலர் கத்திக்கொண்டு நிற்கிறார். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வழங்கிய அந்தப் படத்தின் கீழ், ஜெருசலேமின் கோயில் மலையில் ஒரு காவலரும் ஒரு பாலஸ்தீனரும் என்று அச்சாகியிருந்தது. உண்மையில் அந்த இளைஞர் சிகாகோவைச் சேர்ந்த யூத மாணவர். டாக்சியில் சென்றுகொண்டிருந்த அவரை ஒரு பாலஸ்தீனக் கும்பல் வெளியே இழுத்துத் தாக்கியிருந்தது; தப்பி ஓடிவந்தவரைக் காப்பாற்றவே காவலர் கத்தினார். படத்தைப் பார்த்த தந்தை பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். படத்தில் இருப்பவர் தன் மகன் என்பதோடு, பின்னணியில் ஹீப்ரு எழுத்துகளுடன் ஒரு பெட்ரோல் பங்க் தெரிகிறது என்பதையும், கோயில் மலையில் பெட்ரோல் பங்க் எதுவும் கிடையாது என்பதையும் அவர் குறிப்பிட்டிருந்தார். பத்திரிகை திருத்தம் வெளியிட்டது. சில நாள்களில் விரிவான விளக்கமும் வந்தது.

யார் வேண்டுமானாலும் சரிபார்க்கக்கூடிய ஒரு பொருளைச் சுட்டியதுதான் அந்தக் கடிதத்தின் பலம். ஊடகங்கள் ஒருதலைப்பட்சமானவை என்ற வாதத்தோடு அது தொடங்கியிருந்தால், ஆசிரியர் பிரிவு அதைக் கருத்து மாறுபாடாகக் கருதி ஒதுக்கியிருக்கக்கூடும். இந்த விஷயத்தில் எழுதப்படும் பெரும்பாலான புகார்கள் தோற்பதற்குக் காரணம், எது தகவல் பிழை, எது தீராத சட்டத் தகராறு, எது நமக்குப் பிடிக்காத சொல் என்று பிரித்துப் பார்க்காமல் மூன்றையும் ஒரே கடிதத்தில் கொட்டிவிடுவதுதான்.

இந்தக் குழப்பம் மிகுதியாக நேர்வது 'ஆக்கிரமிக்கப்பட்ட பகுதி', 'சர்ச்சைக்குரிய பகுதி' என்ற இரு சொற்களில். தமிழில் ஆக்கிரமிப்பு என்றதும் ஏரியை வளைத்துப்போட்டவர்களும் நடைபாதைக் கடைகளும் நினைவுக்கு வருவதால், அச்சொல்லை நாம் ஒரு வசையாகவே வாசித்துவிடுகிறோம். ஆனால் 1907ஆம் ஆண்டின் ஹேக் விதிமுறைகளிலும் 1949ஆம் ஆண்டின் நான்காவது ஜெனீவா ஒப்பந்தத்திலும் அது ஒரு சட்ட நிலையைக் குறிக்கிறது: ஒரு நிலப்பரப்பு எதிரிப் படையின் அதிகாரத்தின்கீழ் வந்துவிட்டது என்பதையும், அங்குள்ள மக்களுக்கு அந்தப் படை செய்ய வேண்டிய கடமைகள் உள்ளன என்பதையும் அச்சொல் ஒருசேரச் சொல்கிறது. மேற்குக் கரையை 1950இல் ஜோர்டான் இணைத்துக்கொண்டதை உலகில் மிகச் சில நாடுகளே ஏற்றன, ஆகவே 1967 போரில் அந்நிலம் உரிமையுள்ள ஓர் அரசிடமிருந்து எடுக்கப்படவில்லை, எனவே அது 'சர்ச்சைக்குரிய' பகுதி மட்டுமே என்பது இஸ்ரேல் அரசு முன்வைக்கும் வாதம். ஐ.நா. பாதுகாப்பு அவையும், 2004இலும் 2024இலும் கருத்துரை வழங்கிய சர்வதேச நீதிமன்றமும் இந்த வாதத்தை ஏற்கவில்லை. இஸ்ரேலின் உச்ச நீதிமன்றமேகூட, 2004இல் மேற்குக் கரையில் இஸ்ரேல் எழுப்பிய பாதுகாப்புத் தடுப்பு குறித்த வழக்கில், அந்தப் பகுதி போர்க்கால ஆக்கிரமிப்பில் இருப்பதாகக் கொண்டே தீர்ப்பளித்தது.

ஆகவே 'ஆக்கிரமிக்கப்பட்ட' என்று எழுதிய நாளிதழிடம் அதை 'சர்ச்சைக்குரிய' என்று திருத்தக் கோருவது திருத்தக் கோரிக்கை ஆகாது. ஒரு தரப்பின் நிலைப்பாட்டை அச்சிடக் கேட்பதாகவே அமையும். அதேபோல, இஸ்ரேலின் மறுப்பை ஒரு வரியில் குறிப்பிட்டதற்காகச் செய்தியாளரைப் பொய்யர் என்பதும் தவறு, ஏனெனில் அந்த மறுப்பு இருப்பது உண்மை. என் மதிப்பீட்டில் 'ஆக்கிரமிக்கப்பட்ட' என்பதே துல்லியமான சொல். இஸ்ரேல் அதை ஏற்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதும்போதுதான் செய்தி முழுமை பெறும்.

இரண்டாவது தவறு, புகார் எழுதுபவரே வரைபடத்தை ஒழுங்காகப் பார்க்காதது. 1967இல் இஸ்ரேல் கைப்பற்றிய பகுதிகள் அனைத்தும் பாலஸ்தீனப் பகுதிகள் அல்ல. கோலன் குன்றுகள் சிரியாவிடமிருந்தும் சினாய் தீபகற்பம் எகிப்திடமிருந்தும் எடுக்கப்பட்டவை. தாபா என்ற சிறு பகுதி நீங்கலாகச் சினாய் 1982இல் திருப்பித் தரப்பட்டது; தாபா 1989இல் தரப்பட்டது. காஸாவிலிருந்த யூதக் குடியேற்றங்கள் 2005இல் அகற்றப்பட்டன. ஆகவே அதற்குப் பிந்தைய ஒரு நிகழ்வில் 'காஸாவின் குடியேற்றங்கள்' என்று வந்தால் அது தெளிவான பிழை. ஆனால் குடியேற்றங்கள் போய்விட்டதால் ஆக்கிரமிப்பும் முடிந்துவிட்டது என்று எழுதச் சொன்னால் அங்கே நீங்கள் மீண்டும் சட்டத் தகராறுக்குள் நுழைகிறீர்கள். வான்வெளி, கடல், நிலவழி வாயில்கள் ஆகியவற்றின்மீது இஸ்ரேலுக்கு இருந்துவரும் கட்டுப்பாட்டைக் காரணம் காட்டி ஐ.நா. அதை ஏற்க மறுத்துவந்திருக்கிறது. மேற்குக் கரையிலும் ஒரே ஆட்சி இல்லை. இஸ்ரேலும் பாலஸ்தீன விடுதலை இயக்கமும் செய்துகொண்ட 1995ஆம் ஆண்டின் இரண்டாம் ஒஸ்லோ உடன்பாடு அதை ஏ, பி, சி என மூன்றாகப் பிரித்தது. ஏறத்தாழ 60 விழுக்காடாக உள்ள சி பகுதியில் இஸ்ரேலின் முழுக் கட்டுப்பாடு நடக்கிறது. 2007 முதல் காஸா ஹமாஸிடமும், மேற்குக் கரை நகரங்களின் நிர்வாகம் ரமல்லாவிலுள்ள பாலஸ்தீன அதிகார சபையிடமும் பிரிந்தன என்பதை மறந்து, இரண்டையும் 'பாலஸ்தீன அரசு' என்று ஒரே பெயரில் அழைக்கும் செய்திகளைத் திருத்தக் கேட்பது நியாயமானது.

தலைநகர் விவகாரத்தில் பொறுமை தேவை. 'இஸ்ரேல் தலைநகர் டெல் அவிவ்' என்ற வரி தமிழ்ச் செய்திகளில் அடிக்கடி தலைகாட்டும். அது பிழை, நாடாளுமன்றமும் அமைச்சரவையும் உச்ச நீதிமன்றமும் ஜெருசலேமில்தான் இயங்குகின்றன. 2012இல் லண்டனின் கார்டியன் இதே பிழைக்குத் திருத்தம் வெளியிட்டுத் தன் நடைக் கையேட்டையும் மாற்றிக்கொண்டது. அதற்காக ஜெருசலேம் உலகம் ஏற்ற தலைநகர் என்று எழுதச் சொல்வதும் பிழையே. கிழக்கு ஜெருசலேமையும் சேர்த்து முழு நகரையும் தலைநகராக அறிவித்த 1980ஆம் ஆண்டுச் சட்டம் செல்லாது என்று பாதுகாப்பு அவையின் 478ஆம் தீர்மானம் கூறியது. 2017 டிசம்பரில் அமெரிக்கா அங்கீகாரம் அளித்த பின்னும் பெரும்பாலான நாடுகள் தூதரகத்தை மாற்றவில்லை. ஒரு பிழையைத் திருத்தப்போய் இன்னொன்றைப் புகுத்துவது இப்படித்தான் நேர்கிறது.

மூன்றாவது, மூலத்தைப் பார்க்காமல் மொழிபெயர்ப்பின்மீது சண்டையிடுவது. நம் நாளிதழ்களின் மேற்காசியச் செய்திகள் பெரும்பாலும் சர்வதேசச் செய்தி முகமைகளின் ஆங்கிலப் பிரதியிலிருந்து அவசரமாகத் தமிழாக்கப்படுபவை. இஸ்ரேல் அரசின் அனுமதிகூட இல்லாமல் குன்றுகளின்மேல் சில யூதக் குடும்பங்கள் அமைக்கும் சிறு குடியிருப்புகளை ஆங்கிலத்தில் 'outpost' என்பார்கள்; அவை தமிழில் 'புறக்காவல் நிலையம்' ஆகிவிட்டால், வாசகர் மனத்தில் காவல்துறைச் சாவடி வந்து நிற்கும். 'புறக்காவல் நிலையம் எரிக்கப்பட்டது' என்ற செய்தியின் பொருளே மாறிவிடும். இத்தகைய இடத்தில் உள்நோக்கம் கற்பிக்காமல், முகமையின் மூல வாக்கியத்தையும் தமிழ் வாக்கியத்தையும் அடுத்தடுத்து எழுதிக் காட்டினால் போதும்.

1967 நவம்பரில் நிறைவேறிய பாதுகாப்பு அவையின் 242ஆம் தீர்மானம் இதைவிட நுட்பமானது. ஆக்கிரமித்த பகுதிகளிலிருந்து இஸ்ரேலியப் படைகள் விலக வேண்டும் என்று அது கூறுகிறது. ஆங்கிலப் பிரதியில் 'பகுதிகள்' என்பதற்கு முன் 'the' என்ற சுட்டிடைச்சொல் இல்லை; பிரெஞ்சுப் பிரதியில் இருக்கிறது. எல்லாப் பகுதிகளிலிருந்துமா, சில பகுதிகளிலிருந்தா என்ற நெடுங்காலச் சண்டை அந்தச் சிறு சொல்லைச் சுற்றித்தான் நடக்கிறது. தமிழில் அவ்வகைச் சொல்லே இல்லாததால், 'பகுதிகளிலிருந்து' என்று எழுதினாலே போதுமானது. 'எல்லா' என்றோ 'சில' என்றோ சேர்த்தால் தீர்மானத்தில் இல்லாததை மொழிபெயர்ப்பாளர் எழுதிவிடுகிறார். போரினால் நிலத்தை அடைவது ஏற்கத்தக்கதல்ல என்ற அதன் முகப்புரை வரியை விட்டுவிட்டு விவாதிப்பவர்களும் உண்டு. 2024 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் வழங்கியதைத் 'தீர்ப்பு' என்று எழுதுவதும் திருத்தப்பட வேண்டியதே. இஸ்ரேலின் தொடர்ந்த இருப்பு சட்டவிரோதமானது என்று கூறிய அது, கட்டுப்படுத்தாத ஆலோசனைக் கருத்துரை.

முதல் சில மணி நேரச் செய்திகளை எதிர்க்கும்போது நிகழும் தவறைத் தனியே சொல்ல வேண்டும். 2023 அக்டோபர் 17 அன்று காஸாவின் அல் அஹ்லி மருத்துவமனை வளாகத்தில் வெடிப்பு நிகழ்ந்தபோது, உலகின் பெரிய ஊடகங்கள் பல அதை இஸ்ரேலியத் தாக்குதல் என்று தலைப்பிட்டன. ஹமாஸின் கூற்றை அளவுக்கு மீறிச் சார்ந்திருந்ததாக நியூயார்க் டைம்ஸ் ஆறு நாள்களுக்குப் பின் ஆசிரியர் குறிப்பு வெளியிட்டது. அந்த நேரத்தில் கேட்கத்தக்க திருத்தம், 'என்று ஹமாஸ் அதிகாரிகள் கூறினர்' என்பதைத் தலைப்பில் சேர்க்கச் சொல்வதுதான். பலர் கேட்டதோ, அந்தத் தலைப்பை அகற்றி இஸ்ரேலின் கூற்றை அதே உறுதியோடு போட வேண்டும் என்று.

அந்த அவசரம் எதிர்த் திசையில் எப்படித் தவறும் என்பதை 2022 மே 11 காட்டியது. ஜெனினில் அல் ஜஸீரா செய்தியாளர் ஷிரீன் அபு அக்லே சுட்டுக் கொல்லப்பட்டதும், ஒரு சந்தில் பாலஸ்தீன ஆயுததாரிகள் சுடும் காணொளியை இஸ்ரேலியத் தரப்பு பரப்பியது. பெத்செலெம் என்ற இஸ்ரேலிய மனித உரிமை அமைப்பின் களப் பணியாளர் அன்றே அந்தச் சந்துக்குச் சென்று, எல்லாவற்றையும் படம்பிடித்தார். காணொளியில் சுட்டவர்கள் நின்ற இடத்துக்கும் ஷிரீன் விழுந்த இடத்துக்கும் இடையே கட்டடங்களும் சுவர்களும் இருந்தன. அங்கிருந்து புறப்பட்ட குண்டு அவரை எட்டியிருக்க முடியாது. அவர் இஸ்ரேலிய இராணுவத்தின் குண்டால் தவறுதலாகக் கொல்லப்பட்டிருக்கவே வாய்ப்பு அதிகம் என்று அந்த இராணுவமே செப்டம்பரில் ஒப்புக்கொண்டது.

எண்களைப் பற்றி ஒன்று. காஸா சுகாதார அமைச்சகத்தின் இறப்புக் கணக்கு, பொதுமக்களையும் போராளிகளையும் பிரித்துக் காட்டுவதில்லை. அந்த மொத்த எண்ணைப் 'பொதுமக்கள்' என்று எழுதினால் திருத்தக் கேளுங்கள். எண்ணே பொய் என்று ஆதாரமின்றி எழுதாதீர்கள்.

கடிதம் யாருக்குப் போகிறது என்பதும் முக்கியம். தலைப்பை எழுதுபவர் பெரும்பாலும் களத்திலுள்ள செய்தியாளர் அல்ல, அலுவலகத்திலுள்ள துணை ஆசிரியர். தலைப்புக்காகச் செய்தியாளரை வைவதால் பயனில்லை. நூறு பேர் ஒரே வாசகத்தை அனுப்பினால் ஒரு புகாராகவே எண்ணப்படக்கூடும். இந்தியப் பத்திரிகை மன்றத்துக்குச் செல்வதற்கு முன் ஆசிரியருக்கு எழுதியிருக்க வேண்டும். நாளிதழ், வார இதழ் என்றால் வெளியான இரண்டு மாதத்துக்குள் மன்றத்தை அணுக வேண்டும். தொலைக்காட்சி அதன் வரம்பில் இல்லை. பிபிசிக்கு ஒளிபரப்பிலிருந்து 30 வேலை நாள்கள். கடிதத்தில் வெளியான தேதி, பக்கம், பிழையான வாக்கியம், சரியான தகவல், அதற்கான ஆவணம் ஆகியவற்றோடு, அச்சில் வரும் திருத்தம் இணையப் பக்கத்தின் மேற்பகுதியிலும் இடம்பெற வேண்டும் என்ற கோரிக்கையையும் எழுதிவிடுங்கள். கேட்காவிட்டால் பழைய தலைப்பே தேடுபொறியில் தொடர்ந்து கிடக்கும்.