காத்துக்கிடக்குற நேரத்த நம்ம நேரமா மாத்துறது எப்படி: ஒரு குடம், ஒரு டம்ளர் காப்பி, ஒரு பூத்தொட்டி

போன வாரம் எங்க மதினி போன் பண்ணி, "உனக்கு மட்டும் எப்படித்தா உக்கார நேரம் கெடைக்குது, எனக்கு மூச்சு விடக்கூட முடியல"ன்னு கேட்டாக. எனக்கும் நேரமெல்லாம் கெடைக்கல, காலைல அஞ்சரைக்கு எந்திரிச்சா ராத்திரி பத்து மணிக்குத்தான் முதுக சாய்க்கிறேன். ஆனா ஒண்ணு லேட்டா புரிஞ்சுச்சு. நம்ம கடக்கரைப் பக்கம் வேலை பாக்குற நேரம் பாதின்னா காத்துக்கிடக்குற நேரம் பாதி. பைப்புல தண்ணி வர, போட்டு கரைக்கு வர, ஸ்கூல் வேன் வர, போன கரண்டு திரும்ப வர, கருவாடு காயுற வரைக்கும் காக்கா வெரட்ட... இந்த நேரத்தையெல்லாம் கடுப்போட கழிச்சிட்டு அப்புறம் நேரமே இல்லன்னு பொலம்புறோம்.

நான் இருக்குறது ராமேஸ்வரம் போற வழியில, மண்டபம்ங்கிற ஊருக்கும் உச்சிப்புளிக்கும் நடுவுல. வீட்டுல அவுக விசைப்படகுல தொழிலுக்குப் போறவுக. இத நான் கத்துக்கிட்டதே ஒரு மீன்பிடி தடைக்காலத்துலதான். ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாதுல்ல (முன்னாடி 45 நாள்தான், 2017லேர்ந்து கூட்டிட்டாங்க), அந்த 61 நாளும் மனுசன் கரையில எடுத்துப்போட்ட மீனு மாதிரி வீட்டுக்குள்ள துள்ளுவாரு. பிரிட்ஜ தெறப்பாரு மூடுவாரு, நான் வச்ச எடத்துல ஒரு சாமானம் இருக்காது, வெயிலு வேற சித்திரை வெயிலு, ரிமோட்டுக்கெல்லாம் சண்ட. அப்பத்தான் ஒரு நாள் எல்லாரும் தண்ணிக்கு காத்துக்கிட்டு நிக்கும்போது இது ஆரம்பிச்சுச்சு, மூணாவது படியில சொல்றேன்.

படி 1: ஒரு வாரம் எழுதுங்க

நோட்டெல்லாம் வாங்க வேணாம், தெனசரி காலண்டர்ல கிழிக்கிற தாளோட பின்பக்கம் போதும். எதுக்கு காத்திருந்தீங்க, எத்தன நிமிசம், அவ்வளவுதான். நல்லா இருந்துச்சு மோசமா இருந்துச்சுன்னு எல்லாம் எழுதாதீங்க, அது எழுத ஆரம்பிச்சா ரெண்டாம் நாளே விட்டுருவீங்க.

என்னோட மொத வாரத்துக் கணக்கு இது. எங்க பைப்புல ஒரு குடம் நெறைய 4 நிமிசம், 12 குடத்துக்கு 48 நிமிசம், வாரத்துல மூணு தடவ தண்ணி வந்துச்சு. வேனுக்கு தெனம் கால் மணி நேரம், அஞ்சு நாள். கருவாட்டுக்கு காவல் ரெண்டு நாள் ஒவ்வொரு மணி நேரம். ரேசன் கடையில 40 நிமிசம். கூட்டிப் பாத்தா 6 மணி நேரத்துக்கு மேல வருது! எனக்கே நம்ப முடியல, ரெண்டு தடவ கூட்டிப் பாத்தேன்.

படி 2: அதுல ஒண்ண மட்டும் எடுங்க

எல்லாத்தையும் மாத்துறேன்னு கெளம்பாதீங்க. தவறாம வர்ற காத்திருப்பா ஒண்ணு, கையில பெருசா வேலை இல்லாததா ஒண்ணு எடுங்க.

ஒண்ணு மட்டும் எடுக்கவே கூடாது, அது போட்டு வர லேட்டாகுற நேரம். அந்த நேரத்துல போய் மனச அமைதியா வச்சுக்கோன்னு யாராச்சும் சொன்னா எனக்கு கோவம்தான் வரும். அது அமைதியா இருக்குற நேரம் கெடையாது. அப்ப தனியா உக்காராம பக்கத்து வீட்டுக்குப் போயிருங்க, அவுக வீட்டு ஆளும் அதே போட்டுல இருந்தா இன்னும் நல்லது, ரெண்டு பேரும் சேந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருங்க, பேசணும்னு கூட இல்ல.

படி 3: குடம் நெறையுற சத்தத்த கேளுங்க

இதான் என்னோட பேவரைட், செலவே இல்லாதது. நம்ம ராம்நாடு ஜில்லாவுல தண்ணிக்குப் பட்டபாடு தெரியாத பொம்பளை இருக்க முடியாது, தள்ளுவண்டியில ஓட்டை போட்ட பலகையில குடத்த சொருகி வச்சு மைல் கணக்குல தள்ளிட்டுப் போனவுகதான் எல்லாரும், இப்ப காவிரி கூட்டுக் குடிநீர் வந்தப்புறமும் சில தெருவுல வண்டி ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. அதனால பைப்படின்னாலே நமக்கு டென்சன்தான். அந்த எடத்துலயே இத செஞ்சு பாருங்க.

குடத்த வச்சு பைப்ப தெறந்து விட்டுட்டு கண்ண மூடிக்கங்க. மொதல்ல சத்தம் கனமா, அடித்தொண்டையில பேசுற மாதிரி கேக்கும். தண்ணி ஏற ஏற சத்தமும் மெல்லிசாகி மேல போகும், குடத்துக்குள்ள மிச்சம் இருக்குற காத்து கொறைய கொறைய சுருதி கூடுது, அவ்வளவுதான் விசயம். கழுத்துக்கிட்ட வரும்போது சட்டுன்னு வேகமா ஏறும் பாருங்க, அங்கதான் கவனமா இருக்கணும். கண்ண தெறக்காம, சத்தத்த மட்டும் வச்சு சரியா வாய்மட்டத்துல பைப்ப மூடணும்.

மொதல்ல நாலஞ்சு குடம் தப்பாகும், வழிஞ்சு போகும் இல்லன்னா முக்காக்குடத்துல நிப்பாட்டிருவீங்க. வழியுற தண்ணி வீணாகாம அடியில ஒரு குண்டான் வச்சுக்கங்க. பிளாஸ்டிக் குடத்துக்கு ஒரு கொரலு, எவர்சில்வர் குடத்துக்கு ஒரு கொரலு, எங்க வீட்டுல ஒரு நசுங்கின பித்தளைக் குடம் இருக்கு அது மட்டும் யாருக்கும் பிடிகொடுக்காது. கண்ண மூடிக்கிட்டு கேக்குற அந்த 4 நிமிசத்துல வேற எதையும் யோசிக்க முடியாதுங்க, யோசிச்சா குடம் வழிஞ்சிரும். தியானம் பண்ண உக்காந்தா எனக்கு பால் பாக்கிதான் ஞாபகம் வரும், இதுல வராது.

அந்த தடைக்காலத்துல நான் இப்படி கண்ண மூடிக்கிட்டு நிக்கிறத பாத்து வீட்டுல அவுக "என்ன, தலை சுத்துதா"ன்னு ஓடி வந்தாரு. விசயத்த சொன்னேன். சிரிச்சாரு, அப்புறம் அவரும் ஒரு குடத்துக்கு பந்தயம் கட்டுனாரு, புள்ளைங்க ரெண்டும் வந்துச்சு, அன்னைக்கு 12 குடமும் சண்டையில்லாம நெறஞ்சுச்சு.

படி 4: உக்கார ஒரு எடம்

எடத்த கண்ணால பாத்து முடிவு பண்ணாதீங்க, காத்த வச்சு பண்ணுங்க. மண்டபத்துல நமக்கு ரெண்டு பக்கமும் கடலு. வடக்க பாக் ஜலசந்தி, தெக்க மன்னார் வளைகுடா, வடக்கத்திய பெண் கடல்னும் தெக்கத்திய ஆண் கடல்னும் சொல்லுவாக. ஆனா வருசம் பூரா அப்படியே இருக்காது. ஆனி ஆடியில கச்சான்ங்கிற மேக்காத்து அடிக்கும்போது தென்கடலு பொங்கும், வடகடலு கொளம் மாதிரி கெடக்கும், கார்த்திகை மார்கழியில வாடை வந்துருச்சுன்னா அப்படியே தலைகீழு.

வீட்டுக்கும் அதே கணக்குத்தான். கச்சான் நேரத்துல மேக்கால உக்காந்தா காப்பியில மண்ணு விழும், அதனால கெழக்கு வாசப்படி. வாடை நேரத்துல வடக்க சன்னல சாத்திட்டு தெக்கால அடுப்படித் திண்ணை. ஒரே எடத்த பிடிச்சு அலங்காரம் பண்ணி குசன் போட்டு வச்சீங்கன்னா ஆறு மாசம் அது சும்மா கெடக்கும், உப்புக்காத்துல எல்லாம் பிசுபிசுத்துப் போகும். ஒரு பழைய ஓலைப்பாயி போதும், சுருட்டி எங்க வேணும்னாலும் போடலாம்.

நான் சாயங்காலம் உக்கார்ற எடத்துலேர்ந்து ராமேஸ்வரம் ரயில் சத்தம் கேக்கும். 2022 டிசம்பர்ல பழைய பாம்பன் பாலத்துல வண்டிய நிப்பாட்டுனப்ப மண்டபத்தோட எல்லாம் நின்னுச்சு, 2025 ஏப்ரல்ல புதுப்பாலம் தெறந்தப்புறம்தான் பழையபடி தீவுக்குப் போகுது. தெனம் கேக்குற சத்தம்தான், ஆனா இப்ப கேக்கும்போது இது பாலம் ஏறப் போகுதுன்னு ஒரு நெனப்பு வருது பாருங்க, அது நல்லா இருக்கு.

படி 5: கருப்பட்டிக் காப்பித்தண்ணி

சும்மா உக்காருன்னா நமக்கு கையி பரபரக்கும், அதனால கையில ஒரு டம்ளர் வேணும். ரெண்டு பேருக்கு அளவு சொல்றேன்.

400 மில்லி தண்ணி, கருப்பட்டி 60 கிராம் தட்டுனது, தட்டுன சுக்கு சுண்டுவிரல் நகம் அளவு, மல்லி அரை ஸ்பூன். எல்லாத்தையும் ஒண்ணா போட்டு கருப்பட்டி கரையுற வரைக்கும் கொதிக்க விட்டு எறக்கி வடிகட்டுங்க. வடிகட்டாம விட்டுறாதீங்க, கருப்பட்டியில எப்படியும் மண்ணு, ஓலைத்தூசி இருக்கும். திரும்ப அடுப்புல ஏத்தி ஒன்றரை ஸ்பூன் காப்பித்தூள் போட்டு ஒரு கொதி, மூடி வச்சு ரெண்டு நிமிசம் தெளிய விடுங்க.

பால் வேணும்ங்கிறவுக கவனிங்க. கருப்பட்டித் தண்ணி கொதிக்கும்போதே பால ஊத்துனா திரிஞ்சு போகும், பல பேரு பால் மேல பழி போடுறாங்க. பால தனியா காய்ச்சி, ரெண்டும் கொஞ்சம் சூடு தணிஞ்சப்புறம் டம்ளர்ல சேருங்க. நான் பால் சேக்குறதில்ல, கருப்பட்டி வாசம் போயிரும்.

கருப்பட்டி வாங்கும்போது ஒரு துண்ட உடைச்சுப் பாருங்க, உள்ள பளபளன்னு மின்னுனா சீனி கலந்ததா இருக்கும், நல்லது மங்கலா கருப்பா இருக்கும். மழைக்காலத்துல ஈரத்த இழுத்து கசிய ஆரம்பிக்கும், எங்க அப்பத்தா வெறகடுப்புக்கு மேல பரணுல வச்சிருப்பாக, புகையும் சூடும் பட்டு கல்லு மாதிரி கெடக்கும். இப்ப கேஸ் அடுப்பு, இறுக்கமான மூடி போட்ட டப்பாதான் வழி. தை மாசம்னா கூட ரெண்டு அவிச்ச பனங்கெழங்கு வச்சுக்கலாம், நார உரிச்சு உரிச்சு தின்னு முடிக்கவே அரை மணி நேரம் ஆகும், அவசரப்படவே விடாது.

படி 6: ஒரே ஒரு தொட்டி

தோட்டம் வேணாம். நம்ம மண்ணுக்கும் தண்ணிக்கும் தோட்டம்னு ஆரம்பிச்சா நிம்மதி போயிரும், நான் ரோஜா வச்சு மூணு தடவ சாவ கொடுத்தவ. பத்துமணிப் பூ வைங்க, டேபிள் ரோஸுன்னும் சொல்லுவாங்க. மணல், வெயில் ரெண்டும் அதுக்குப் பிடிக்கும், தண்ணி கொஞ்சம் போதும். பக்கத்து வீட்டுல நாலு விரல் நீளத்துக்கு ஒரு தண்டு ஒடிச்சுக் கேளுங்க, யாரும் இல்லன்னு சொல்ல மாட்டாங்க, கீழ் எலைய உருவிட்டு மண்ணுல சொருகுனா பிடிச்சுக்கும்.

தொட்டிக்கு காசு செலவு பண்ணாதீங்க, மீன் வைக்கிற தெர்மாக்கோல் பெட்டி ஒடஞ்சது கரையில கெடக்கும். மூணு தண்ணி அலசி உப்பும் கவுச்சியும் போக கழுவி ஒரு நாள் ஊற வச்சு, அடியில ஆறேழு ஓட்டை போடுங்க.

அரிசி கழுவுன தண்ணிய ஊத்துங்க, உப்பு போடாததா இருக்கணும். வாட்டர் பில்டர்லேர்ந்து வெளிய வர்ற கழிவுத் தண்ணிய மட்டும் ஊத்தாதீங்க, நல்ல தண்ணிய பிரிச்சு எடுத்தப்புறம் மிச்ச உப்பெல்லாம் அதுலதான் இருக்கு. நான் தெரியாம ஒரு மாசம் ஊத்தி மண்ணு மேல வெள்ளையா பூத்துருச்சு. அப்படி பூத்தா மேல் மண்ண வழிச்சுப் போட்டுட்டு, மழை பெய்யுறப்ப தொட்டிய வெளிய வச்சு நல்லா நனைய விடுங்க. பில்டர் தண்ணி வீடு துடைக்க ஆகும்.

காலைல வெயில் ஏற ஏற இது விரியும், மத்தியானத்துக்கு மேல சுருங்கிக்கும், மேகமா இருந்தா சில நாள் தெறக்கவே தெறக்காது. புள்ளைங்கள வேன்ல ஏத்திட்டு வந்து எத்தன பூத்திருக்குன்னு எண்ணுறதுதான் இப்ப என் மொத வேலை. நேத்து 11. முந்தாநாள் 14, ஒரு மூணு பூவ ஆடு கடிச்சிருச்சு.

படி 7: போனும் வீட்டு ஆளுகளும்

போன பத்தி எல்லாரும் சொல்லிட்டாங்க, நான் ஒண்ணுதான் சொல்றேன், அரிசி டப்பாவுக்குள்ள போட்டு மூடுங்க. எடுக்கணும்னா கையி அரிசியாகும், அந்த சோம்பலே போதும்.

வீட்டு ஆளுகதான் கஷ்டம். மொத வாரம் நீங்க உக்காந்தா "சும்மா உக்காந்திருக்கா"ன்னு பேச்சு வரும். எங்க மாமியா சொன்னாக. நான் சண்ட போடல, அவுகளுக்கும் ஒரு டம்ளர் ஊத்தி கையில கொடுத்தேன், குடிச்சிட்டு "சுக்கு பத்தலத்தா"ன்னாக. மறுநாள் அவுகளே சுக்கு தட்டிக்கிட்டு இருந்தாக. இப்ப காப்பி லேட்டானா எனக்குத்தான் திட்டு.

புருசன் தடைக்காலத்துல வீட்டுல இருந்தா அவருக்கு அறிவுரை சொல்லாதீங்க, கையில ஏதாச்சும் கொடுங்க, கிழிஞ்ச வலை இல்லாத வீடு நம்ம பக்கம் எது. அவரு வலைய காலுல மாட்டிக்கிட்டு முடிச்சுப் போடுவாரு, நான் புளியிலேர்ந்து கொட்டை எடுப்பேன், ஒரு வார்த்தையும் பேசாம ஒரு மணி நேரம் ஓடும். கல்யாணமான புதுசுல இப்படிப் பேசாம இருந்தா கோவமோன்னு பயப்படுவேன்.

கடைசியா ஒண்ணு, நாள் விட்டுப்போச்சுன்னா விட்டுப்போச்சு, மறுநாள் சேத்து வச்சு ரெண்டு மணி நேரம் உக்கார்றேன்னு கணக்குப் போடாதீங்க. நாளைக்கு எங்க தெருவுக்கு தண்ணி மொற. நசுங்கின பித்தளைக் குடத்துக்கு இதுவரைக்கும் யாரும் ஜெயிக்கல, சின்னவன் பத்து ரூவா பந்தயம் கட்டியிருக்கான்.