ஏ-டெப் வைத்தும் கோபுரம் மங்கியது ஏன்?

திருவாரூர்ப் பக்கத்து வயலில் முன்னால் சம்பாக் கதிர், தூரத்தில் கோபுரம். இரண்டும் தெளிவாக வேண்டுமென்று கேமராவை ஏ-டெப்பில் வைத்தேன்; அருகில் உள்ளதும் தூரத்தில் உள்ளதும் சேர்ந்து தெளிவாக விழும்படி கேமராவே அமைத்துக்கொள்ளும் முறை அது. கதிரின் சுணைகூடத் தெரிந்தது, கோபுரமோ மங்கல். முக்காலி போட்டேன், லென்ஸைத் துடைத்தேன், ஐஎஸ்ஓ என்னும் ஒளி உணர்திறனைக் கூட்டினேன். நாட்கள்தான் வீணாயின.

காரணம் பின்பக்கத் திரை! அதைப் பார்த்து எடுத்தால் ஏ-டெப் சத்தமில்லாமல் பி என்னும் சாதாரணத் தானியங்கி முறைபோலவே இயங்குகிறது. லென்ஸ் எம்எஃப்பில், அதாவது கையால் ஃபோகஸ் செய்யும் நிலையில், இருந்தாலும் அப்படித்தான். வியூஃபைண்டரில் கண்ணை வைத்துப் பொத்தானைப் பாதி அழுத்தினேன். கதிர்மேலும் கோபுரத்தின்மேலும் சிவப்புப் புள்ளிகள் ஒளிர்ந்தன. ஆனால் லென்ஸ் துளையின் அளவைக் காட்டும் அபர்ச்சர் எண் விட்டுவிட்டு மின்னியது. பலர் கவனிக்காத இடம் இதுதான்: அருகிலிருந்து தூரம்வரை அவ்வளவுக்கும் தெளிவு எட்டாது என்று கேமரா சொல்கிறது. வரப்பில் பின்னால் நகர்ந்து, ஜூமை 18 மி.மீ.க்குக் கொண்டுவந்ததும் எண் மின்னுவது நின்றது. அப்பாடா, கோபுரமும் தெளிவாக விழுந்தது.